படுதா வண்டியும் பலகை வண்டியும்

உட்காருங்க சார். அந்த நாற்காலி ஆடும், இதுல உட்காருங்க. முதலாளி சாப்பிடப் போயிருக்கார். சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணசந்துட்டுத்தான் வருவார். நான் காவல்காரன். கதவைத் திறந்து காட்டலாம், விலை சொல்லக் கூடாது. அதுதான் எனக்குப் போட்ட சட்டம்.

ரெண்டு வண்டியையும் பார்த்துட்டீங்கள்ல? இது சுவர் வச்சது. நாலு பக்கமும் பைபர் சுவர், கதவு, ஜன்னல், உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ். அது படுதா வச்சது. மூடினா பெட்டி, இழுத்து விரிச்சா கூடாரம். எதுவானாலும் காருக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போயிடலாம். எது வாங்கலாம்னு என்கிட்ட கேட்கிறீங்க.

குமட்டுது சார். கோவிச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லல. வாரத்துக்கு ஒருத்தர் வந்துடுறார். வேலையில இருந்து ஓய்வு வாங்கின கையோட வர்றாங்க. மகன் வெளிநாட்டுல இருந்து படம் அனுப்பியிருப்பான். நல்லாக் கட்டின வீட்டைப் பூட்டிட்டு, ரோட்டுல போய் வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கணுமாம். கக்கூஸையும் கூடவே இழுத்துட்டுப் போகணுமாம். அந்த அடுப்புக்கும் கக்கூஸுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பார்த்தீங்களா? நான் கையால அளந்தேன். மூணு முழம். குழம்பு கொதிக்கிற இடத்துல இருந்து மூணு முழம். த்தூ. இதைப் படிச்சவங்கதான் வாங்குறாங்க.

வீட்டுல அம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டேன். "அவளுக்கு என்ன, நான் எது எடுத்தாலும் சரிம்பா"ன்னு சொல்றீங்க. நல்லது. என் வீட்டுக்காரியும் அப்படித்தான். தவமணின்னு பேரு. போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆச்சு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினவ இல்ல. இந்தக் கரூர் பக்கம் கேட்டுப் பாருங்க, காசிலிங்கம் பொண்டாட்டி மாதிரி உண்டான்னு. கேட்டா யாருக்கும் தெரியாது, நாங்க இந்த ஊரே இல்ல. ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

நான் சும்மா சொல்லல சார். இருபத்தாறு வருஷம் சக்கரத்து மேல குடும்பம் நடத்தினவன். குடை ராட்டினம் வச்சிருந்தேன். எட்டு மரக்குதிரை, ரெண்டு மயில், மேலே குடை. கையால தள்ளிச் சுத்துறது. மாசி பிறந்தா வடமதுரையில இருந்து கிளம்புவோம், ஐப்பசி மழைக்குத் திரும்புவோம். நடுவுல மணப்பாறை, சமயபுரம், வீரபாண்டின்னு எங்கெங்க திருவிழாவோ அங்கெல்லாம் பொட்டல்ல கிடப்போம். நானும் தவமணியும், தள்ளுறதுக்கு நாலு ஆளும். அவதான் சீட்டுக் கிழிப்பா, சமைப்பா, குதிரைக்குக் காது உடைஞ்சா மரத்தூளும் பசையும் வச்சு ஒட்டுவா.

திருவிழாப் பொட்டல்ல எங்களுக்குன்னு ஒரு முறை உண்டு. யாரு முதல்ல முளைக்குச்சி அடிக்கிறானோ அவனுக்குத்தான் அந்த இடம். ஒவ்வொருத்தன் குச்சியிலயும் ஒரு துணி கட்டியிருக்கும். எங்களுது பச்சை. பலூன் சுடுற கடை மிக்கேலுது சிவப்பு. பச்சைத் துணி நின்னா அங்க எவனும் கால் வைக்க மாட்டான். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. இடத்துக்கு மட்டும் இல்ல. பொதுவுல ஒரு சாமான் விலைக்கு வந்தாலும், யாருக்கு வேணுமோ அவன் பக்கத்துல குச்சி அடிச்சுட்டா மத்தவன் கேட்க மாட்டான். இன்னிக்கு ஆயிரம் பத்திரம் எழுதுறாங்க, ஒருத்தன் சொன்ன சொல்லுல நிக்குறானா? அந்தக் குச்சி நின்னுச்சு சார்.

குச்சி அடிக்கிறது ஆம்பளைங்க. பொம்பளைங்க அடிச்சு நான் பார்த்ததில்ல.

அப்போ ஒரு சர்க்கஸ் கம்பெனி நொடிச்சுப்போய், திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு கொல்லையில சாமானையெல்லாம் போட்டு வித்தாங்க. ராட்டினக்காரன், பலூன்காரன், வளையல்காரன்னு நாங்க எல்லாரும் போனோம். அதுவரைக்கும் நாங்க தரையில மூங்கில் நட்டு தார்ப்பாய் கட்டித்தான் படுத்தோம். மகள் ஈஸ்வரிக்கு அப்போ ஆறு வயசு. எல்லாரும் அதே தார்ப்பாய்க்குள்ளதான். நடுவுல ஒரு சேலையைக் கட்டினா இந்தப் பக்கம் குடும்பம், அந்தப் பக்கம் ஆளுங்க.

அங்க ரெண்டு வண்டி நின்னுச்சு. அப்படியே இதோ இங்க நிக்கிற மாதிரி. ஒண்ணு பலகை வண்டி. குரங்கு ஆட்டுறவன் குடும்பத்தோட இருந்தது. பலகைச் சுவரு, மேலே தகரம், ரெண்டு ஜன்னல், ஒரு கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். இன்னொண்ணு படுதா வண்டி. இடுப்பு உயரத்துக்குப் பெட்டி, ரெண்டு பக்கமும் இரும்புச் சட்டம், இழுத்து விரிச்சா கெட்டியான படுதாக் கூடாரம். ரெண்டும் ஒரே விலைதான்.

பலகை வண்டிக்குள்ள தலையை விட்டேன். அந்த நாத்தம்! குரங்கு மூத்திரம், வேப்பெண்ணெய், பழைய சோறு, எவனோ வாந்தி எடுத்தது, எல்லாம் பலகையில ஊறிக் கிடந்துச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய வந்தேன். மூணு நாள் எனக்குச் சோறு இறங்கல. இன்னிக்கும் நினைச்சா வாயில எச்சில் ஊறுது. மனுஷன் அதுக்குள்ள போய்ப் படுப்பானா? சித்திரை வெயில்ல தகரத்துக்கு அடியில வேகுறதுக்கா? படுதான்னா காத்து வரும். சுருட்டினா சுருண்டுக்கும். முளை அடிச்சு நிக்கிற சாமான், எங்க முறைக்குச் சரியா வரும். நான் ஒரே பார்வையில முடிவு பண்ணிட்டேன். எங்க ஆளு பண்டாரத்துக்கிட்ட, "போய் அந்த வண்டிக்குப் பக்கத்துல நம்ம குச்சியை அடிடா"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தா, பச்சைத் துணிக் குச்சி பலகை வண்டிக்குப் பக்கத்துல நிக்குது.

"ஏண்டா பண்டாரம், எந்த வண்டின்னு சொன்னேன், எங்கடா அடிச்சிருக்க?"

"நான் இன்னும் அடிக்கவே இல்லண்ணே. இப்பத்தான் சுத்தியல் எடுத்துட்டு வர்றேன்."

"பின்ன அந்தக் குரங்கு வந்து அடிச்சுச்சா?"

கொல்லை பூரா சிரிச்சாங்க. நான் குச்சியை ரெண்டு ஆட்டு ஆட்டிப் பிடுங்கி, இந்தப் பக்கம் படுதா வண்டிக்கிட்ட நானே அடிச்சேன். அது ஆழமா இறங்கியிருக்கல. ரெண்டு ஆட்டுலயே வந்துடுச்சு. தவமணி பக்கத்துலதான் ஈஸ்வரியைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னா. "என்ன பார்த்துட்டு நிக்கிற, புள்ளையை நிழலுக்குக் கூட்டிட்டுப் போ"ன்னு சொன்னேன். போனா.

மிக்கேல் வந்தான். "காசி அண்ணே, உங்க குச்சி இதுலயில்ல நின்னுச்சு? வேணாமா?"

"வேணும்னா நீ எடுத்துக்கடா. பிணப்பெட்டி மாதிரி இருக்கு."

"ரோசலி கேட்டுக்கிட்டே இருக்காண்ணே, ஒரு கதவு வேணும்னு."

"பொண்டாட்டி கேட்டான்னு குரங்குக் கூண்டு வாங்குறியா? வாங்கு, வாங்கு. அடுத்து உன்னை அதுக்குள்ள வச்சு ஆட்டுவா."

அதுக்கும் சிரிச்சாங்க. மிக்கேலும் சிரிச்சுக்கிட்டே சிவப்புக் குச்சியை அடிச்சான்.

அந்தப் பச்சைக் குச்சியை அடிச்சது தவமணி சார். எனக்கு அது இருபத்திரண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். விளையாட்டா அடிச்சிருப்பா. பொம்பளைதானே. அதை விடுங்க.

படுதா வண்டியில என்ன குறைன்னு கேளுங்க. ஒரு குறையும் இல்ல. நனைஞ்சா கொஞ்சம் வீச்சம் அடிக்கும். ஈரப் படுதா வீச்சம் உங்களுக்குத் தெரியாது. செத்த எலி மாதிரி ஆரம்பிச்சு, புளிச்ச மாவு மாதிரி முடியும். துணியில, சோத்துல, தலைமுடியில ஏறிடும். அது மழைக்குத்தான். மத்தபடி காத்து அப்படி வரும்.

ராத்திரி உள்ளே லாந்தர் வச்சா உருவமெல்லாம் படுதாவுல நிழலாத் தெரியும், அது ஒண்ணு. பொட்டல்ல திரியிற பயலுக நின்னு பார்த்துச் சிரிப்பானுங்க. தவமணி விளக்கை அணைச்சுட்டு இருட்டுலதான் சேலை மாத்துவா. மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்கிறான்னு நினைச்சேன். கெட்டிக்காரி. குளிக்கிறதுக்கு விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, ரெண்டு குதிரைக்கு நடுவுல பழைய சேலையைக் கட்டிக் குளிச்சுடுவா. மாசிக் குளிர்லயும் சரி, காய்ச்சல்லயும் சரி. அவ்வளவு சுத்தம்.

ஒரு தடவை ஒரு ஊர்ல, மத்தியானம் அவ படுத்துத் தூங்குறா. ஒரு குடிகாரன் ஒண்ணுக்குப் போக இடம் தேடிக்கிட்டு வந்து, படுதாவைத் தூக்கிட்டு நேரா உள்ளே நுழைஞ்சு அவ மேலேயே விழுந்துட்டான். நான் ராட்டினத்துல இருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்து அவனை நல்லா நாலு சாத்துச் சாத்தி அனுப்பினேன். அவன் வாந்தி வேற எடுத்து வச்சிருந்தான், பாய் பூரா. எனக்கு அந்த நாத்தம்தான் தாங்கல. இவ மூலையில உட்கார்ந்து நடுங்கிக்கிட்டு இருக்கா. "குடிகாரன்தானே, போயிட்டான்ல, எழுந்து பாயைக் கழுவு"ன்னு சொன்னேன். கழுவினா.

அதுல இருந்து ஒரு பழக்கம் பிடிச்சுக்கிட்டா. படுக்கிறதுக்கு முன்னாடி டிரங்குப் பெட்டியை இழுத்துப் படுதா ஓரத்துல வச்சு, அதுக்கு முட்டுக் கொடுத்துத்தான் படுப்பா. தினமும் இழுத்து இழுத்து அந்தப் பக்கத்துப் படுதாவே நைஞ்சு கிழிஞ்சு போச்சு. நல்ல படுதா சார். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அந்த ஒண்ணுல மட்டும் பேச்சுக் கேட்க மாட்டா.

ஈஸ்வரிக்கு எட்டு வயசு ஆனதும் வடமதுரையில என் அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டேன். பொம்பளைப் புள்ளையைப் படுதாவுக்குள்ள வச்சு வளர்க்க முடியுமா சார்? நீங்களே சொல்லுங்க. நாலு ஆம்பளை ஆளு படுத்திருக்கிற இடம். வயசுக்கு வர்ற புள்ள உடை மாத்த ஒரு மறைப்பு வேணாமா? அதெல்லாம் யோசிச்சேன். அப்பன்னா யோசிக்கணும். தவமணி பஸ் ஏத்திவிடுறப்போ அழுதா. "அந்தப் பலகை வண்டி இருந்திருந்தா கூடவே வச்சுக்கிட்டிருக்கலாம்"னு சொன்னா. அதுக்குள்ள குரங்கு நாத்தம்டின்னு சொன்னேன்.

அப்போ அதுல நாத்தம் இல்ல, அது வேற விஷயம். ரோசலி அதைச் சோடா உப்புப் போட்டுத் தேய்ச்சு, சாம்பிராணி காட்டி, சுண்ணாம்பு அடிச்சு, ஒரு மாசத்துல மாத்திட்டா. கதவுக்கு ஊதாப் பூப் போட்ட திரை. பால்பவுடர் டப்பாவுல கனகாம்பரம். மாதா படம். வண்டி ஊரு ஊராப் போகுது, கனகாம்பரமும் கூடவே போகுது. பார்க்க எரிச்சலா இருக்கும். திருவிழாவுல கடை போட வந்தவ பங்களாக்காரி மாதிரி கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்தா எப்படி இருக்கும்?

தவமணி தினம் ரெண்டு மணிக்கு அங்க போயிடுவா. கூட்டம் இல்லாத நேரம். உள்ளே போனதும் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எனக்கு ராட்டினத்துல கேட்கும். ஒரு மணி நேரம் கழிச்சு வருவா.

"அங்க என்னடி பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா படுத்திருந்தேன்."

"படுக்க நம்ம கூடாரம் இல்லையா?"

"இருக்கு."

அவ்வளவுதான் பேசுவா. ரோசலி வெளியே உட்கார்ந்து பலூன் ஊதிக்கிட்டிருப்பா, இவ மட்டும் உள்ளே. அடுத்தவன் வண்டியில போய்ப் படுத்து எழுந்து வர்றது எனக்கு அருவருப்பா இருக்கும். பூனை மாதிரி.

ஒரு நாள் சீட்டுப் புத்தகத்தைக் காணோம்னு நேரா போய்க் கதவை இழுத்தேன். உள்ளே தாழ்ப்பாள். மிக்கேல் ஓடிவந்து குறுக்கே நின்னான்.

"அண்ணே, பொம்பளைங்க இருக்கிற இடம். தட்டிட்டுக் கூப்பிடுங்க."

"என் பொண்டாட்டியைக் கூப்பிட நான் தட்டணுமாடா? எவன்டா நீ எனக்குச் சொல்றதுக்கு?"

"நான் என் வீட்டுக்காரியையே தட்டித்தாண்ணே கூப்பிடுவேன்."

"நீ தட்டுவே. நீதான் பொண்டாட்டிக்குக் கூண்டு வாங்கிக் கொடுத்து வெளியே காவல் இருக்கிறவன்."

வார்த்தை தடிச்சுப் போச்சு. சட்டையைப் பிடிச்சுட்டேன். அதோட ரெண்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்ல. அந்த ரெண்டு வருஷமும் தவமணி அந்த வண்டிப் பக்கம் போகல. நான் போகாதேன்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. என் முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்குவா. அப்படிப்பட்டவ. ரெண்டு மணி ஆனா குதிரை மேல சாய்ஞ்சு நின்னுக்கிட்டிருப்பா. அப்புறம் சமயபுரத்துல வச்சு மிக்கேலே வந்து, "விடுங்கண்ணே"ன்னு கையைப் பிடிச்சான். நானும் விட்டேன். அன்னிக்கு ரெண்டு மணிக்கு இவ போயிட்டா.

தண்ணி வேணுமா சார்? அந்தப் பானையில இருக்கு. முதலாளி வாங்கி வச்ச தண்ணி மிஷின்ல நான் குடிக்கிறதில்ல. பிளாஸ்டிக் வாடை.

என்ன கேட்டீங்க? முடிவா எது வாங்கலாம்னா? படுதாதான் சார். நூறு தடவை கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். காத்து வரும், பாரம் கம்மி, மேடு ஏறும்போது கார் திணறாது. சுவர் வச்ச வண்டின்னா உள்ளே ஒரு ஆள் மூச்சு விட்டா இன்னொரு ஆள் மேல படும். ரெண்டு பேரும் எந்நேரமும் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்னு உங்களுக்குத் தோணுதா? கேட்டுட்டீங்களா? கேட்கலையா. சரி, உங்க இஷ்டம்.

அவ எங்க செத்தான்னு கேளுங்க. பலகை வண்டியிலதான்.

வயித்துல கட்டி. ரொம்ப நாளா இருந்திருக்கு. சொல்லல. மதுரையில பெரிய டாக்டர் பார்த்துட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லாப் பார்த்துக்குங்கன்னு சொல்லிட்டார். ஆஸ்பத்திரி வாசல்ல மர பெஞ்சுல உட்கார்ந்திருக்கோம். நான், அக்கா வீட்டுக்குப் போயிடலாம்னு சொன்னேன். இவ தலையை ஆட்டினா, வேணாம்னு.

"வேற எங்க போறது?"

"ரோசலி வண்டிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"கூறு இருக்கா உனக்கு? சாகக் கிடக்கிறவ கேட்கிற இடமா அது? ஊரு என்ன சொல்லும், காசிலிங்கத்துக்கு வீடு இல்லையான்னு கேட்க மாட்டானா?"

"கேட்கட்டும்."

"நம்ம கூடாரம் இருக்குல்ல. நல்லா விரிச்சு, கட்டில் போட்டு..."

"நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அதையும் நீங்க பிடுங்கிப் போட்டீங்க."

எனக்குப் புரியல. என்னத்தைடி பிடுங்கினேன்னு கேட்டேன். அப்பத்தான் சொன்னா. அந்தக் கொல்லையில, நான் டீ குடிக்கப் போனப்போ, மூட்டையில இருந்து பச்சைத் துணிக் குச்சி ஒண்ணை உருவி, கல்லால அடிச்சாளாம். சுத்தியல் கிடைக்கலையாம். ஈஸ்வரி துணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளாம்.

"அடிப் பாவி, வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"குச்சி அடிச்சா சொன்ன மாதிரிதானே? நீங்கதான் எல்லாருக்கும் அதைச் சொல்வீங்க."

பாருங்க சார், அவ கேள்வியை. இருபத்திரண்டு வருஷம் மனசுல வச்சுக்கிட்டு! எனக்கு எப்படி வந்துச்சு தெரியுமா? அருவருப்பா வந்துச்சு. யாரு மேலன்னு கேட்காதீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல டெட்டால் வாடை வேற. எழுந்து போய் ஓரமா நின்னு துப்பிட்டு வந்தேன். துப்பத் துப்ப நிக்கல.

வீரபாண்டியில மிக்கேல் கடை போட்டிருந்தான். போய் நின்னேன். நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ரோசலி உள்ளே போய் பெட்டி படுக்கையெல்லாம் எடுத்து வெளியே வைக்க ஆரம்பிச்சுட்டா. "அக்கா எங்க வந்துட்டிருக்காங்க?"ன்னு மட்டும்தான் கேட்டா. அவங்க ரெண்டு பேரும் எங்க படுதா வண்டியில படுத்துக்கிட்டாங்க. தவமணி பலகை வண்டியில. எனக்கு வெளியே, படிக்குப் பக்கத்துல ஒரு நார்க்கட்டில்.

மறுநாள் காலையில மிக்கேல் பல் தேய்ச்சுக்கிட்டே வர்றான். "அண்ணே, இதுலயா இத்தனை வருஷம் அக்காவை வச்சிருந்தீங்க? எங்க வீட்டுக்காரி ராத்திரி பூரா உட்கார்ந்தே இருந்தாண்ணே. பொட்டல்ல போற வர்றவன் எல்லாம் கூடவே படுத்திருக்கிற மாதிரி இருக்காம்." எனக்கு ஆத்திரம் வந்துச்சு. ஓசியில இருந்துட்டுக் குறை சொல்றான் பாருங்க. "உனக்கு வேணாம்னா மரத்தடியில படு"ன்னு சொன்னேன். அவன் வாயைக் கொப்பளிச்சுட்டுப் போயிட்டான். ரோசலி அன்னிக்குச் சாயங்காலம் எங்கயோ போய் ரெண்டு டிரங்குப் பெட்டி கடன் வாங்கிட்டு வந்தா.

பதினொரு நாள் இருந்தா. முதல் நாள் நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்தப் பழைய நாத்தம் எங்கயாவது இருக்கான்னு மோந்து பார்த்தேன். பலகை இடுக்குலகூட இல்ல. எனக்கு அதுவும் ஒரு மாதிரி இருந்துச்சு. மேலே தகரம் சூடு ஏறுச்சு, அதைச் சொன்னேன். "ஜன்னலைத் திறந்தாப் போகும்"னா. திறந்தேன். போச்சு.

எட்டாவது நாள். ஈஸ்வரி, கட்டிக்கொடுத்த ஊரு ஒட்டன்சத்திரத்துல இருந்து அன்னிக்குச் சாயங்காலம்தான் வர்றதா இருந்துச்சு. காலை பத்து மணி இருக்கும். ரோசலி கடையில இருக்கா. இவளுக்குக் கஞ்சி எடுத்துக்கிட்டு வந்து கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள். எழுந்து உட்காரவே ரெண்டு பேர் பிடிக்கணும், இவ எப்படி எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டா? "தவமணி"ன்னு கத்தினேன். கதவைப் போட்டு இடிச்சேன்.

உள்ளே இருந்து மெல்ல, "இருங்க, சேலை மாத்திக்கிட்டிருக்கேன்"னா.

இருங்கன்னு சொல்றா சார். கட்டின புருஷனை. திருவிழாக் கூட்டம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போகுது. வளையல்காரன் பார்க்கிறான், பஞ்சுமிட்டாய்க்காரன் பார்க்கிறான். நான் கஞ்சித் தம்ளரைப் பிடிச்சுக்கிட்டு மூடின கதவு முன்னாடி நிக்கிறேன், பிச்சைக்காரன் மாதிரி. தம்ளர் சுடுது. இந்தக் கைக்கு மாத்துறேன், அந்தக் கைக்கு மாத்துறேன். உள்ளே துணி சரசரன்னு கேட்குது, நிக்குது, மறுபடி கேட்குது. மூச்சு வாங்குற சத்தம் கேட்குது. உதவிக்கு வரட்டுமான்னு கேட்டேன். "வேணாம், நானே கட்டிக்குவேன்"னா. நல்ல வெளிச்சத்துல, ஜன்னல் திறந்திருக்க, அரை மணி நேரம் ஒரு சேலையைக் கட்டினா.

தாழ்ப்பாளை எடுக்கிற சத்தம் கேட்டுச்சு. கதவு பாதி திறந்துச்சு. தலை சீவி, பவுடர் பூசி, நீலச் சேலை. கதவுக் காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. என்னைப் பார்த்தா. விருந்தாளி யாராவது வந்தா எப்படிப் பார்ப்பாங்க, அப்படிப் பார்த்தா.

"வாங்க, உள்ளே வாங்க"ன்னா.

செருப்பை வெளியே கழட்டி விட்டுட்டுத்தான் போனேன்.